ஹஜ்ரத் சினிமா பார்க்கிறாராமே!



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு, பள்ளிவாசலில் உளூச் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம், நம் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னார்: “நம்ம ஹஜ்ரத் சினிமா பார்க்கிறாராமே!” அடுத்த வாரம் அதுவே கடிதமாகி நிர்வாகிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர் திரைப்படம் பார்க்கலாமா, அதைப் பற்றி மக்தபில் பேசலாமா என்று கேட்டிருந்தார்கள். கையொப்பமிட்டவர்கள் ஐவர். ஐவருமே நாம் மதிப்பவர்கள். அவர்களில் இருவருடைய பேரப்பிள்ளைகள் நம்மிடம்தான் ஓதுகிறார்கள்.

அவர்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஷஅபான் விடுமுறையில், இஷாவுக்குப் பின், மகளின் மடிக்கணினியில், இல்லத்தார் அருகிலிருக்கப் பதினைந்து படங்கள் பார்த்தோம். பதினாறாவதைப் பாதியில் நிறுத்தினோம். ஏன் பார்த்தோம் என்பதையும், பார்த்ததில் எதை ஏற்றோம், எதை வெறுத்தோம் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறோம். நிர்வாகிகள் அழைக்கும்போது சொல்லப்போவதும் இதுதான்.

மஃக்ரிபுக்குப் பின் நடக்கும் மக்தபில் குலஃபாயே ராஷிதீன்களின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தோம். இரண்டாம் கலீஃபாவின் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். எதற்கென்று விளங்கவில்லை. எல்லாருடைய கண்களும் மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு சிறுவன் மேல் இருந்தன. அவன் பெயரும் உமர் ஃபாரூக். தலையைக் குனிந்துகொண்டிருந்தான். “ஹஜ்ரத், அது பீஸ்ட் படத்துல வர்ற தீவிரவாதி பேரு” என்றான் ஒருவன். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். அப்படிக் கூப்பிடுகிறவர்கள் வேறு மதத்துப் பிள்ளைகள் அல்லர். நம் மஹல்லாப் பிள்ளைகளே. அந்த ஓசை அடங்குவதற்குள் இன்னொருவன் கேட்டான்: “படத்துல குண்டு வைக்கிறவங்க எல்லாம் ஏன் ஹஜ்ரத் அல்லாஹு அக்பர்னு சொல்றாங்க?”

எந்தப் படத்தில் என்று கேட்டோம். ஒரே மூச்சில் ஐந்தாறு பெயர்கள் வந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நாம் பார்த்திருக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுக்கு விடை சொல்ல வேண்டிய நமக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை.

தீயவன் ஒருவன் செய்தியொன்றைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (49:6). வாட்ஸ்அப்பில் வரும் முப்பது நொடித் துணுக்கைப் பார்த்துவிட்டு ஒரு படத்தைக் கண்டித்து மிம்பரில் முழங்குவது இக்கட்டளைக்கு எப்படிப் பொருந்தும்? ‘செவி, பார்வை, உள்ளம் ஆகிய அனைத்தும் விசாரிக்கப்படும் என்று 17:36 எச்சரிக்கிறதே, ஹஜ்ரத்தின் பார்வையும் விசாரிக்கப்படாதா?’ என்று பெரியவர்கள் கேட்கலாம். விசாரிக்கப்படும். அதற்கு நாம் அஞ்சுகிறோம். அதனால்தான் பார்வையைத் தாழ்த்த வேண்டிய காட்சிகளைத் தள்ளிவிட்டும், பல பாடல்களின்போது ஒலியை நிறுத்தியும் பார்த்தோம். சினிமா ஆகுமானது என்று ஃபத்வா கொடுக்க நாம் வரவில்லை. அதற்குரிய தகுதியும் நமக்கில்லை. அசையும் படம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இசையும் அவ்ரத்தும் பற்றிய கண்டிப்பைப் பெரும்பாலோர் தளர்த்திவிடவில்லை. நாம் கேட்பது ஒன்றே: நம் வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்ட ஒன்றைப் பற்றி அவர்களிடம் யார் பேசுவது?

நம் இளமையில் கம்பத்தில் டாக்கீஸ் வாசலில் நிற்பதை யாராவது பார்த்துவிட்டால், நாம் வீட்டுக்குப் போகுமுன்னரே செய்தி அத்தாவின் காதுக்குப் போய்விடும். இன்று டாக்கீஸ் தலையணைக்கடியில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று, ரமளானின் நடுவில், பீஸ்ட் வெளியானது. அன்று தராவீஹில் இளைஞர் வரிசை மெலிந்து கிடந்ததை நாம் மறக்கவில்லை. தம்மைத் தீவிரவாதியாகக் காட்டும் படத்தை முதல் காட்சியிலேயே பார்த்துவிட வேண்டும் என்று, தொழுகையை விட்டுவிட்டுத் தேனி வரை பேருந்தேறிப் போன பிள்ளைகள் அவர்கள்.

ஆகவே பீஸ்டிலிருந்தே தொடங்கினோம். உமர் ஃபாரூக் என்ற தீவிரவாதத் தலைவனை விடுவிக்கக் கோரி, சென்னையில் ஒரு பெரிய வணிக வளாகத்தைத் தீவிரவாதிகள் கைப்பற்றுகிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட கதாநாயகர் உளவுத்துறை வீரர். அவர்கள் அத்தனை பேரையும் ஒழித்துவிட்டு, போதாதென்று போர் விமானத்தில் பாகிஸ்தானுக்கே பறந்து போய் உமர் ஃபாரூக்கைத் தூக்கி வருகிறார். ஒரு படமாகப் பார்த்தாலும் இதில் புத்திக்கு வேலையில்லை. அதை விட்டுவிடுவோம். உலகத்தில் எத்தனையோ பெயர்கள் இருக்க, சத்தியத்தையும் அசத்தியத்தையும் பிரித்துக் காட்டியவர் என்று பொருள்படும் அல்ஃபாரூக் என்ற சிறப்புப் பெயரை, இரவில் மாவு மூட்டையைத் தம் முதுகில் சுமந்துபோய் ஏழைத் தாயின் பிள்ளைகளுக்கு உணவு சமைத்துக் கொடுத்த ஆட்சியாளரின் பெயரை, எழுதியவர் எங்கிருந்து எடுத்தார்? வெறுப்பினால் எடுத்தார் என்று நாம் நினைக்கவில்லை. அலட்சியம்தான் காரணம். கையை நீட்டியபோது முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டார். அந்த அலட்சியத்திற்கு மூன்றாம் வரிசைச் சிறுவன் விலை கொடுக்கிறான்.

இது புதிதல்ல. 1992இல் வந்த ரோஜாவிலேயே பாதை போட்டாயிற்று. நெருப்பும் துப்பாக்கியும் ஒரு பக்கம், தொழுகைக் காட்சி மறுபக்கம் என்று அடுத்தடுத்து ஒட்டினால் பார்ப்பவர் மனத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதைத் தமிழ்ச் சினிமா அன்றே கற்றுக்கொண்டது. பிறகு வந்தவர்கள் அந்தப் பாதையில் வண்டி ஓட்டினார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்பு, 1961இல் பாவ மன்னிப்பில், சிவாஜி கணேசன் ரஹீமாக வந்தார். அந்தப் படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடு சேர்ந்து நாகூர் ஹனீஃபா பாடினார். ரஹீமிலிருந்து உமர் ஃபாரூக்குக்கு வந்து சேர அறுபது ஆண்டுகள் ஆயின.

2024இல் வெளிவந்த அமரனைப் பற்றி நம்மவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். பார்த்தபோது நமக்கு இரண்டு விதமான எண்ணங்கள். 2014இல் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை அது. கணவனை இழந்த பெண்ணின் துயரத்தைப் படம் பொய்யின்றிக் காட்டுகிறது. நம் இல்லத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தில் துயரப்படும் உரிமை ஒரு தரப்புக்கே உண்டு. காஷ்மீர மக்கள் பெரும்பாலும் கல்லெறியும் கூட்டமாக, அல்லது மறைந்திருந்து சுடுபவர்களாக வருகிறார்கள். அவர்கள் வீடுகளிலும் விதவைகள் உண்டு என்ற நினைப்பே இயக்குநருக்கு வரவில்லை. இதை எழுதலாம், பேசலாம், சட்டத்திற்குட்பட்டு ஆர்ப்பாட்டமும் செய்யலாம். அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த மேலப்பாளையம் திரையரங்கின் மீது அந்த நவம்பரில் பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. வீசியவர் எவராயினும், எந்த நோக்கத்தோடு வீசினாலும், அந்தக் கை நம் பிள்ளைகளின் கழுத்தை நெரித்த கை. சினிமா நம்மேல் சுமத்தும் பழிக்குச் சாட்சி தேடிக் கொடுப்பவனை நாம் மன்னிக்கத் தயாராக இல்லை.

2013இல் விஸ்வரூபத்திற்கு நடந்தது நடுத்தர வயதினருக்கு நினைவிருக்கும். நம் அமைப்புகள் எதிர்த்தன, தமிழக அரசு தடை போட்டது, சில காட்சிகளில் ஒலியை நீக்கவும் குறைக்கவும் உடன்பாடு ஏற்பட்டு, பிப்ரவரி 7இல் படம் வெளியானது. தடை இருந்த நாட்களில் எல்லை தாண்டிக் கேரளத்திற்குப் போய்ப் பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர்! நாம் கொடுத்த விளம்பரம் கோடிக்கணக்கில் பெறும். இப்போது அதை முழுமையாகப் பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. அதன் நாயகன் விஸாம் ஒரு முஸ்லிம்தான். அவன் நல்லவன் என்று நாம் எப்படி அறிகிறோம்? அவன் உளவுத்துறையைச் சேர்ந்தவன் என்று தெரியவரும்போது. 2022இல் வந்த எஃப்.ஐ.ஆர். படத்தில் இர்ஃபான் அஹ்மத் என்ற படித்த இளைஞன் மதத்தின் பெயரால் வேலை மறுக்கப்பட்டு, தீவிரவாதி என்று சந்தேகிக்கப்படுகிறான். இடைவேளை வரை, நியாயமான ஒரு வழக்கைத்தான் படம் பேசுகிறது. முடிவில் பார்த்தால் அவனும் அரசின் ரகசிய ஆள்! உளவு பார்க்காத, துப்பாக்கி தூக்காத, காலையில் கடை திறந்து இரவில் கணக்கு முடிக்கும் ஒரு சாதாரண முஸ்லிம், சந்தேகத்திலிருந்து விடுபட வழியே இல்லையா? உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இலிருந்து நடக்கிறது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே படித்து வெளியேறியிருக்கிறார்கள். அக்கல்லூரியை நிறுவியவர்கள் எந்த உளவுத்துறையிலும் இருக்கவில்லை.

இந்த வரிசையில் மாநாடு ஒன்றே நேர்மையாக ஒரு கேள்வியைக் கேட்கிறது. கோவையில் முதலமைச்சரைக் கொல்லத் திட்டமிடும் அதிகாரவர்க்கம், பழியைச் சுமத்த ஒரு முஸ்லிம் இளைஞனைத் தேடுகிறது. ஏன் அவன்? எல்லாரும் எளிதில் நம்பிவிடுவார்கள் என்பதால். 1998க்குப் பிறகு கோவையில் நம் மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அந்த விடை ஈட்டியாகத் தைக்கும். வணிகப் படமொன்றில், முன்னணி நடிகரைக் கொண்டு, 2021இல் இதைச் சொல்ல வைத்த வெங்கட் பிரபுவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இரு குறைகளையும் சொல்லிவிடுகிறோம். ஒன்று, ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவதற்குப் படம் சொல்லும் காரணம், நாயகன் உஜ்ஜயினியில் ஒரு கோயிலில் பிறந்தான் என்பது. காலத்தைப் புரட்டுபவன் அல்லாஹ் ஒருவனே என்று நம்பும் பிள்ளைகளிடம், இது கற்பனை என்று பெற்றோர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இரண்டு, அவன் பெயர் அப்துல் காலிக். படைத்தவனின் அடிமை. கூட இருப்பவர்கள் வெறும் ‘காலிக்’ என்றே அழைக்கிறார்கள். படத்தைக் குறை சொல்லுமுன், ‘ரஹ்மான்’, ‘ரஸாக்’, ‘காதர்’ என்று நாம் தெருவில் கூவுவதைத் திருத்திக்கொள்வோமாக.

இனி, நம்மைத் திட்டாமல் புகழும் படங்கள். இவற்றிடம்தான் நாம் ஏமாறுகிறோம். லால் சலாமில் ரஜினிகாந்த் மொய்தீன் பாயாக வருகிறார். அவர் மகனின் கை கலவரத்தில் போய்விடுகிறது. அவர் பொறுத்துக்கொள்கிறார், ஊர்க் கோயில் திருவிழா நின்றுவிடாமல் துணையும் நிற்கிறார். நம் பள்ளத்தாக்கில் திருவிழாவுக்கும் சந்தனக்கூட்டுக்கும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வது தலைமுறைப் பழக்கம் என்பதால் அது நமக்கு வியப்பாக இல்லை. ஆனால் சினிமாவின் நல்ல பாய்க்கு விதிக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான்: அடி வாங்கிக்கொண்டு மன்னிப்பது. அவர் ஒருமுறையாவது நீதி கேட்கட்டுமே.

அன்னபூரணியில் பிராமணக் குடும்பத்துப் பெண் சமையற்கலையில் வெற்றி பெறுகிறாள். இறுதிப் போட்டியில் பிரியாணி சமைக்குமுன் அவள் தொழுகிறாள். பிரியாணிக்குச் சுவை கூட்டத் தொழுகை என்ன, பட்டையா, கிராம்பா? நம்மைக் காட்ட வேண்டுமென்றால் பிரியாணி, பிரியாணியைக் காட்ட வேண்டுமென்றால் நாம் என்ற சோம்பலை இனியாவது விட்டுவிடலாம். மதரஸாவில் வாரம் ஆறு நாள் சாம்பார்தான். அது கிடக்கட்டும். இராமர் பற்றி அதில் வந்த ஒரு வசனத்தால் புண்பட்டோம் என்று இந்து அமைப்புகள் புகார் கொடுத்தன. 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் படத்தையே எடுத்துவிட்டது. அப்போது நம்மவர் சிலர் ‘கருத்துரிமை’ என்று எழுதினார்கள். விஸ்வரூபத்தின்போது தடை கேட்ட அதே விரல்கள்! ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகைமை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று 5:8 கட்டளையிடுவது நம் எதிரிகளுக்கா, நமக்கா?

தி கேரளா ஸ்டோரியையும் பார்த்தோம். 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டுத் தீவிரவாதத்திற்கு அனுப்பப்பட்டார்கள் என்று முன்னோட்டத்தில் கூவினார்கள். எதிர்ப்பு வந்ததும் முன்னோட்டக் குறிப்பில் அந்த எண் மூன்றாகச் சுருங்கியது. 32,000 எங்கே, மூன்று எங்கே! அந்த எண்ணிக்கைக்கு ஆதாரமான தரவு இல்லை என்றும் படம் கற்பனை கலந்தது என்றும் அறிவிப்பு வைப்பதாக, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் தயாரிப்பாளர் தரப்பு ஒப்புக்கொண்டது. பிறகு 2025இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் அதன் இயக்குநர் சிறந்த இயக்குநரானார். வட இந்தியாவில் யாரோ ஒருவர் இதை நம்பினால் அவருக்குக் கேரளம் தெரியாது என்று விடலாம். நமக்குக் கேரளம் கண்ணெதிரே உள்ள மலை. கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி, மறுபக்கம் கம்பம்மெட்டு. பெண் கொடுத்தும் எடுத்தும், ஏலம் வாங்கியும் விற்றும் வாழ்கிறோம். நம் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி டெல்லியில் இருப்பவர் சொல்லும் கதையை, நம் ஊர்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டவர்களைத்தான் நம்மால் புரிந்துகொள்ள முடியவில்லை.

அந்த விருதுப் பட்டியலில் இடம்பெறாத ஒரு படம்தான் நம்மை உலுக்கியது. ப்ளெஸியின் ஆடுஜீவிதம், பென்யாமின் 2008இல் எழுதிய நாவலின் படவடிவம். ஆற்று மணல் அள்ளிப் பிழைத்த நஜீப், கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு சவூதி போகிறான். விமான நிலையத்திலிருந்து ஒருவன் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் ஆட்டுப்பட்டியில் அடிமையாக்குகிறான். தண்ணீர் ஆடுகளுக்கு உண்டு, அவனுக்குக் கணக்குப் பார்த்து உண்டு. தப்பி ஓடும்போது உடன் வந்த இளைஞன் ஹக்கீம் தாகத்தால் துடித்துச் சாகிறான். முடிவில், பேரும் கேட்காமல் ஓர் அரபி அவனைத் தம் காரில் ஏற்றிச் சென்று நகரத்தில் இறக்கிவிடுகிறார்.

இது அரபிகளை இழிவுபடுத்துகிறது என்று நம்மவர்களில் ஒரு பேச்சு உண்டு. அடிமையாக்கியவனும் முஸ்லிம், அடிமையானவனும் முஸ்லிம், காரில் ஏற்றியவரும் முஸ்லிம். இதில் மார்க்கத்திற்கு எங்கே இழிவு? கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் சொல்லைக் காலில் மிதித்தவனுக்குத்தான் இழிவு. நம் பள்ளத்தாக்கிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகள் எத்தனை! அவர்கள் ஊருக்கு வரும்போது அத்தரும் பேரீச்சம்பழமும் கொண்டுவருகிறார்கள். எதைச் சொல்லாமல் வருகிறார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. படம் பார்த்த மறுநாள், பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே ஓட்டுநராக இருந்துவிட்டு வந்த நம் மைத்துனரிடம் கேட்டோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முதல் இரண்டு வருஷத்தைப் பத்திக் கேக்காதீங்க மச்சான்” என்றார்.

இப்போது நமக்குக் கசக்கும் பகுதிக்கு வருகிறோம். மாரி செல்வராஜின் வாழையில், வாழைத்தார் சுமப்பவர்கள் கூலியில் ஒரு ரூபாய் உயர்வு கேட்கிறார்கள். கொடுத்ததை வேறு வழியில் மிச்சம் பிடிக்க, தனி வண்டி வைக்காமல், தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறான் வியாபாரி. லாரி கவிழ்கிறது. அதற்கிடையே, பசி தாளாமல் தோட்டத்தில் வாழைப்பழத்தைத் தொட்ட சிறுவன் அடிபடுகிறான். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபிகளார் சொன்னதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பிள்ளைகளுக்கு நாம் மனனம் செய்விக்கும் ஹதீஸ் அது. சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை எத்தனை வாழைத் தோட்டங்கள் நம்மவர்களுடையவை! வேலியோரம் நிற்கும் பிள்ளைக்கு ஒரு சீப்பு எடுத்துக் கொடுத்தவர்கள் யார், நாயை அவிழ்த்துவிட்டவர்கள் யார் என்பதை அவரவர் அறிவர்.

லெனின் பாரதியின் மேற்குத் தொடர்ச்சி மலை 2018இல் வந்தது. நாம் பார்த்தது இப்போதுதான். பாரதிராஜா அல்லிநகரத்திலிருந்தும் இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்தும் போனார்கள் என்று பெருமை பேசும் நம் மாவட்டம், தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள உதவும் படம் இது. ரெங்கசாமி என்ற கூலித்தொழிலாளி, ஒரு துண்டு நிலம் வாங்கக் காலமெல்லாம் உழைத்துச் சேர்க்கிறான். மலையிலிருந்து அவன் இறக்கிவரும் ஏலக்காய் மூட்டை கைதவறிச் சரிவில் உருண்டு, கிழிந்து, சிதறுகிறது. கடைசியில், சொந்தமாக இருந்திருக்க வேண்டிய நிலத்தில் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். அந்த மூட்டை உருண்டபோது நம் வயிறு கலங்கியது. ஏலக்காய் விலை ஏறினால் துஆச் செய்யச் சொல்லி வரும் சகோதரர்கள் நமக்கு உண்டு. அதே ஏலத் தோட்டங்களுக்கு விடியுமுன்னே ஜீப்பில் அடைத்து ஏற்றப்பட்டு மலையேறும் பெண்களை, ஃபஜ்ருக்குப் போகும் வழியில் நாம் அன்றாடம் பார்க்கிறோம். பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அமரனுக்கு எதிராகப் பதாகை பிடித்தவர்களில் எவரும் அந்த ஜீப்பை மறித்து நாம் கண்டதில்லை.

சில படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மெய்யழகன், உறவைத் துண்டித்துக்கொண்டு நகரத்திற்குப் போனவன் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் திரும்பிவந்து, தன்மேல் அன்பைப் பொழியும் ஒருவனின் பெயர் நினைவுக்கு வராமல் தவிக்கும் கதை. சண்டை இல்லை, வெட்டு இல்லை. இரத்த உறவைப் பேணுவது பற்றி நாம் செய்த பத்துப் பயான்கள் சாதிக்காததை அது சாதித்தது. படம் முடிந்ததும் இல்லத்தார், ஆறாண்டுகளாகப் பேசாமலிருந்த தம் பெரியம்மா மகளுக்குத் தொலைபேசினார்கள். அந்த இருவரும் இரவெல்லாம் மனம்விட்டுப் பேச நடுவில் மதுப்புட்டி எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. மலையாளத்தில் 2018இல் வந்த சுடானி ஃப்ரம் நைஜீரியாவில், காலொடிந்த ஆப்பிரிக்கக் கால்பந்து வீரனை மலப்புரத்துத் தாய்மார் இருவர் பெற்ற பிள்ளையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். தலையில் முக்காடு, வாயில் துஆ, அடுப்பில் கஞ்சி. நம் நன்னிமார்களைத் திரையில் பார்த்தது அதுவே முதல் முறை. அதே ஸக்கரிய்யாவின் ஹலால் லவ் ஸ்டோரி, மார்க்க வரம்புக்குள் படமெடுக்கப் புறப்பட்ட ஓர் இயக்கத்தாரை அன்போடு கிண்டல் செய்கிறது. கணவன் மனைவியாக நடிக்க உண்மையான தம்பதியையே தேடுகிறார்கள்! நம்மைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். சிரித்துவிட்டுப் பிறகு யோசித்தோம்.

பாதியில் நிறுத்தியது மார்கோ. 2024 டிசம்பரில் ‘ஏ’ சான்றிதழோடு வந்த படம். வன்முறை மிகுதியால் தொலைக்காட்சியில் காட்ட அனுமதி மறுக்கப்பட்டது. நாற்பது வயதைக் கடந்த நமக்கே தாங்கவில்லை. மக்தபில் விசாரித்தபோது நான்கு பிள்ளைகள் முழுமையாகப் பார்த்திருந்தார்கள். ஒருவன் அத்தாவோடு உட்கார்ந்தே பார்த்தானாம். 2023இல் திருத்தப்பட்ட சட்டப்படி இப்போது 7, 13, 16 என்று வயது குறித்துச் சான்றிதழ் தருகிறார்கள். அந்த எண்ணைப் பார்க்கத் தெரியாத பெற்றோர், ஹஜ்ரத் என்ன பார்க்கிறார் என்று மட்டும் பார்க்கிறார்கள்.

கடைசியாக, மஜீத் மஜீதியின் சில்ட்ரன் ஆஃப் ஹெவன். 1997இல் வந்த ஈரானியப் படம். இதை மட்டும் நம் பிள்ளைகளையும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலரையும் உட்கார வைத்துப் பார்த்தோம். கடிதத்தின் மூலகாரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட அலி, அத்தாவிடம் சொன்னால் கடன் வாங்குவார் என்று அஞ்சி, தன் காலணியையே தங்கையோடு மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறான். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடிக் காலணி என்று அறிந்து, மூன்றாவதாக வரவே ஓடுகிறான். முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். அவனுடைய அத்தா பள்ளிவாசல் தேநீருக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுத் தேநீருக்கு அதிலிருந்து ஒரு கட்டியும் எடுப்பதில்லை. அமானிதம் என்றால் என்ன என்று நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டியதைவிட, அந்தக் காட்சி பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கியது. இதே இயக்குநர் 2015இல் நபிகளாரின் இளமைப் பருவத்தைப் படமாக்கினார். அதை நாம் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டோம். நபி (ஸல்) அவர்களை எவ்வகையிலும் நடிப்பில் கொண்டுவருவதில் நமக்கு உடன்பாடில்லை. வரம்பு எங்கே என்று நாம் அறியாதவரல்லர் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

விடுமுறை முடிந்து மக்தப் திறந்ததும், நின்ற இடத்திலிருந்தே பாடத்தைத் தொடர்ந்தோம். உமர் (ரழி) அவர்கள் ஜெருசலத்திற்குப் போனபோது பணியாளரும் தாமும் ஒரே ஒட்டகத்தில் மாறி மாறி ஏறிச் சென்றதைச் சொன்னோம். நகரை நெருங்கும்போது ஏறும் முறை பணியாளருடையதாக இருந்ததால், ஆட்சியாளர் நடந்து வந்தார் என்று சொன்னபோது எவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து அந்தச் சிறுவன் கேட்டான்: “இதை ஏன் ஹஜ்ரத் யாரும் படமா எடுக்கல?” நமக்கு உடனே பதில் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின் நிர்வாகக் கூட்டத்திற்கு நம்மை அழைத்திருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ் வருவோம். கடிதத்தில் கையொப்பமிட்ட ஐந்து பெரியவர்களும் வர வேண்டும். வருமுன், இந்த வாரம் தம் கைபேசியில் என்னென்ன ஓடியது என்று தம் பேரப்பிள்ளைகளிடம் ஒரு முறை கேட்டுவிட்டு வருமாறு பணிவோடு வேண்டுகிறோம்.

வஸ்ஸலாம்.